டூப்ளிகேட் சைலன்சரும் நல்ல சைலன்சரும்: ஒரே மாடல் கார் இரண்டில் பார்த்தது

கடை மேசையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சொல்லப்போனால் டூப்ளிகேட்தான் பளபளவென்று இருக்கும், நல்லது சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக இருக்கும். வித்தியாசம் தெரிய ஒரு ஐப்பசி கார்த்திகையாவது போகவேண்டும். என்னிடமும் என் மச்சானிடமும் இருப்பது ஒரே மாடல், ஒரே வருடத்துப் பெட்ரோல் கார், பிஎஸ்4 புகை விதிக்கு உட்பட்டது. கொரோனா முடிந்த கையோடு இரண்டிலும் பின்பக்க சைலன்சர் ஓட்டை விழுந்தது. நான் கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்கிற தயாரிப்பாளரின் பார்ட்டைப் பெட்டி, பார்ட் நம்பர், பில்லோடு வாங்கினேன். மச்சான் அதில் பாதி விலைக்கும் கீழே ஒன்றை வாங்கினார். பெயர் இல்லாத சரக்கு என்று சொல்லமுடியாது, தெரிந்த ஒரு பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்.

இது சமமான போட்டி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் வண்டி மதுரை பழங்காநத்தத்தில் கிளம்பி கப்பலூர் வழியாகத் திருமங்கலம் வரை தினமும் நாலுவழிச் சாலையில் ஓடுவது. மச்சான் வண்டி செல்லூரில் கிளம்பி, வைகையைத் தாண்டி, சிம்மக்கல்லில் கடை வாசலில் நின்றுவிடும், இஞ்சின் சூடாவதற்குள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் நன்றாகச் சூடேறி அது அப்படியே வெளியே போய்விடும். கிட்டக்க கிட்டக்க ஓடும் வண்டியில் கடைசியில் இருக்கிற பின்பக்க சைலன்சர் டப்பா சூடாகவே ஆகாது, ஆவி உள்ளேயே குளிர்ந்து லேசாக அமிலம் கலந்த தண்ணீராகத் தேங்கும். பெரும்பாலான கார்களில் பின்பக்க டப்பா முதலில் போவதும், உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வருவதும் இதனால்தான். ஆனாலும் இதே செல்லூர் சிம்மக்கல் ஓட்டத்தில்தானே ஷோரூமில் இருந்து வந்த சைலன்சர் வருடக்கணக்கில் தாங்கியது? டூப்ளிகேட் அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அடிப்பக்கம் பொரிந்து உதிர ஆரம்பித்துவிட்டது. என்னுடையது இன்னும் வண்டியில்தான் இருக்கிறது, மேலே பழுப்பாகத் துரு படிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கழற்றிய டூப்ளிகேட்டையும், பழைய இரும்போடு கிடந்த என் பழைய கம்பெனி டப்பாவையும் பட்டறையில் கட்டர் போட்டு அறுத்துப் பார்த்தோம். என்னைக் கேட்டால் சைலன்சரைப் பற்றிப் படிக்கிறதைவிட ஒன்றை அறுத்துப் பார்ப்பது மேல். கம்பெனி டப்பா ஓட்டை விழுந்து, துருப்பிடித்து, பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் உள்ளே அத்தனையும் இருந்த இடத்தில் இருந்தது. குறுக்கே தடுப்புத் தகடுகள், அவற்றால் பிரிந்த அறைகள், ஒரு அறையில் இருந்து இன்னொன்றுக்குப் போகும் ஓட்டை போட்ட குழாய்கள், வெளிச்சுவர் இரண்டு அடுக்குத் தகடு, அடியில் தண்ணீர் வடிய ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. சத்தத்தைக் குறைக்கிற வேலையே அந்த அறைகளில்தான் நடக்கிறது, சத்த அலை முட்டித் திரும்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். டூப்ளிகேட்டில் என்ன இருந்தது தெரியுமா? நேராக ஒரே ஒரு ஓட்டைக் குழாய். அதைச் சுற்றி கண்ணாடிப் பஞ்சு திணித்திருந்தார்கள், அதில் பாதிக்குமேல் பொடிந்து புகையோடு வெளியே போயிருந்தது. வெளிச்சுவர் ஒற்றைத் தகடு. முனை மூடியை நாலு இடத்தில் பொட்டு வெல்டிங் வைத்து, மேலே பெயின்ட் அடித்து மூடியிருந்தார்கள். தண்ணீர் வடிய துளையே இல்லை. அது எப்படித் தாங்கும்?

ஆரம்பத்தில் மச்சானுக்கு அந்தச் சத்தம் பிடித்துத்தான் இருந்தது. "என்ன மாப்ள, பேஸ் எப்படி இருக்கு?" என்று ஆக்சிலேட்டரை மிதித்துக் காட்டுவார். பஞ்சு போகப் போக பேஸ் போய் டிராக்டர் சத்தம் வந்தது, ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றினாலும் காதுக்குள் ஒரு ரீங்காரம். சத்தத்தை வேண்டுமென்றே ஏற்றி ஓட்டும் தம்பிகளுக்கு ஒரு தகவல்: மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, சத்தம் மற்றும் புகை விதியை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் போட இடம் இருக்கிறது, லைசென்சையும் மூன்று மாதம் நிறுத்தலாம்.

அடுத்து பொருத்தம். நல்ல பார்ட்டைத் தூக்கி வைத்தால் ரப்பர் கொக்கிகள் மூன்றும் தானாக வந்து உட்கார்ந்தன, மெக்கானிக் அண்ணன் இணைப்பில் கசிவை அடைக்கும் கேஸ்கட்டை மாற்றி நட்டை முறுக்கினார், வேலை முடிந்தது. மச்சான் வண்டியில் ஒரு கொக்கி ஒரு விரல் தள்ளி இருந்தது. அதைக் கேஸ் வைத்துச் சூடாக்கி வளைத்து, மறுபடி வெல்டிங் வைத்து, குழாய்களை நட்டு போட்டு இணைக்கும் ஃபிளேஞ்ச் தகடு மெல்லிசு என்பதால் முறுக்கும்போதே வளைந்து புகை கசிய, அதற்கு இரண்டு கேஸ்கட் போட்டு, இப்படியே மிச்சம் பிடித்த காசில் நல்ல பங்கு கூலிக்குப் போனது. அதற்கு அப்புறமும் ஸ்பீட் பிரேக்கர் ஏறினால் அடியில் டொக் டொக்.

காந்தத்தை ஒட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் ஸ்டெயின்லெஸ் என்று. இந்தக் கணக்கு சைலன்சருக்குச் சரிவராது. கார் கம்பெனிகள் நிறையப் பயன்படுத்தும் 409 கிரேடு ஸ்டெயின்லெஸில் 11 சதவீதம் போலத்தான் குரோமியம், அதில் காந்தம் ஒட்டும், மேலே பழுப்புத் துருவும் படியும், ஆனால் சீக்கிரம் ஓட்டை விழாது. 304 கிரேடில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம், காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசையிலும் காந்தம் ஒட்டாது, புதுசில் 304 போலவே மினுங்கும், ஆனால் உப்பும் ஈரமும் பட்டால் சீக்கிரம் துரு வரும். பாத்திரக்கடையில் 202-ஆ 304-ஆ என்று கேட்டு வாங்குகிற நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரியும், ஸ்பேர்ஸ் கடையில் நிற்கிற நமக்குத்தான் தெரிவதில்லை. காந்தத்தைவிடக் கையில் தூக்கிப் பார்ப்பது நல்ல சோதனை. அதே அளவு டப்பா கணிசமாக லேசாக இருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். குலுக்கிப் பாருங்கள், உள்ளே எதுவும் ஆடக்கூடாது. வெல்டிங் சுற்றிலும் விடாமல் ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பின்பக்க டப்பாவில் ஏமாந்தால் சத்தத்தோடு போய்விடும். முன்பக்கம் அப்படி இல்லை. இஞ்சினில் இருந்து புகையைச் சேர்த்து வெளியே எடுக்கும் மேனிஃபோல்டுக்கு அப்புறம் வரும், வளைந்து கொடுக்கும் ஃபிளெக்ஸ் பைப்பில் மட்டமானது வெளியே கம்பி வலை, உள்ளே வெறும் மெல்லிசுக் குழாய் என்று வரும், இஞ்சின் ஆடுகிற ஆட்டத்தில் கிழிந்துவிடும். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் புகை வெளியே போவது மட்டுமில்லை, துடிப்புக்குத் துடிப்பு வெளிக்காற்று உள்ளேயும் இழுக்கப்படும். சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் குறைவு என்று நினைக்கும், கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் விடும், மைலேஜ் இறங்கும், நீங்கள் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டு இருப்பீர்கள். புகை சோதனையில் தரும் பியூசி சீட்டையும் ரொம்ப நம்பவேண்டாம். பிஎஸ்4 பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் என்பது வரம்பு, ஆனால் குழாயில் ஓட்டை இருந்து காற்று கலந்தால் அளவு குறைவாகவே காட்டும். கார் தரை ரப்பரோ டிக்கி ரப்பரோ கிழிந்திருந்தால் அந்தக் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை. காரில் போகும்போது மட்டும் தலைவலி வருகிறது என்றால் டாக்டரைப் பார்ப்பதோடு வண்டியை ராம்பில் ஏற்றியும் பாருங்கள்.

புகையில் உள்ள விஷ வாயுக்களை மாற்றும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும், விலையே அதற்குத்தான். கால் விலைக்குக் கிடைக்கிறது என்றால் பூச்சு பெயருக்குத்தான் இருக்கும், அல்லது வெறும் கூடு. கொஞ்ச நாளில் செக் இஞ்சின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் பி0420 என்று, அதாவது கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற குறியீட்டைக் காட்டும். இன்னொன்று, மாற்றும்போது பழையதைக் கேட்டு வாங்குங்கள். அந்த உலோகங்களுக்காகவே பழைய கேட்டலிடிக்கை எடைக்கு எடுக்க ஆள் இருக்கிறது, "புதுசு மலிவா போட்டுத் தர்றேன் சார்" என்பதில் சில இடங்களில் லாபம் உங்கள் பழையதில்தான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் கம்பெனி பார்ட்தான் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். டெயில் பைப் நுனியில் மாட்டும் பளபளப்பு மூடி, கிளாம்ப், வெப்பத் தடுப்புத் தகட்டைப் பிடிக்கும் வாஷர், இதெல்லாம் எந்தக் கடையில் வாங்கினாலும் ஒன்றுதான். நடுவில் வரும் வெறும் குழாய் துண்டு துருப்பிடித்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி, அதே சுற்றளவில் நல்ல கனமான குழாயை வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள், வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு போய்விடும் என்பதால் வெப்பம் தாங்கும் பெயின்ட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மச்சான் இப்போது என்னுடைய அதே பார்ட்டைத்தான் போட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அழகர்கோவில் ரோட்டில் ஒரு நீட்டு நீட்டி உள்ளே இருக்கிற தண்ணீரைக் காயவைத்து வருகிறார். பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அதில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி, பிரஷர் சென்சார் என்று வேறு கணக்கு, அங்கே லோக்கல் வெல்டிங்கே கூடாது.