ஃபேன் வைத்த இரட்டைச் சுவர் விறகு அடுப்பு: வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், விறகைச் சின்னதாக நறுக்கப் பொறுமை இருந்தால். விறகிலிருந்து கிளம்பும் வாயுதான் எரியாமல் போனால் புகை. அது முழுசாகப் பற்ற ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். இந்த அடுப்பில் ஃபேன் காற்று இரண்டு சுவருக்கும் நடுவே ஏறும்போதே சூடாகி, மேல் வரிசைத் துளைகள் வழியாக வாயுவில் பாய்கிறது. சரியாகப் பிடித்துவிட்டால் ஒவ்வொரு துளையிலிருந்தும் சுடர் உள்நோக்கிச் சீறும்; பார்க்கவே அழகு.

புகைகிறது என்பவர்கள் பெரும்பாலும் துளைக்கு மேல்வரை விறகை அடைத்திருப்பார்கள். கட்டைவிரல் பருமனில் வெட்டி, துளைக்கு இரண்டு விரற்கடை கீழேயே நிறுத்தி, மேலிருந்து பற்றவையுங்கள். ஃபேன் முதலில் மெதுவாகவே ஓடட்டும். எடுத்த எடுப்பில் வேகம் கூட்டினால் சுடர் குளிர்ந்து அணையும். விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கணும். நன்றாகக் காய்ந்த வேலிக்கருவை அருமையாக எரியும்.

பல மாடல்களில் பாத்திரம் வைக்கும் தாங்கி ரொம்பக் குட்டை. வாயு எரிந்து முடிவதற்குள் சுடர் பாத்திரத்தில் மோதி, அடியெல்லாம் கரி பிடிக்கிறது. தாங்கி உயரத்தைப் பார்த்தே வாங்குங்கள். வாயு தீர்ந்து விறகுக் கரி மட்டும் கனலும்போது ஃபேனைக் குறையுங்கள், இல்லாவிட்டால் அடித்தட்டு சிவந்து சீக்கிரம் அரிக்கும். கரி கனலும்போது புகை தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.