டிரஸ்ட் மருத்துவமனை நடத்துகிறீர்களா? வரி போர்ட்டலில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள்

2024 மே மாதக் கடைசியில், எங்கள் டிரஸ்ட் நடத்தும் சிறிய கண் மருத்துவமனைக்கு நன்கொடை தந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் வருமான வரித் துறையின் கடிதத்தோடு வந்து உட்கார்ந்தார். "நான் குடுத்த அம்பதாயிரம் உங்க கணக்குலயே வரலையாம். ஏன் சார்?" என்று கேட்டார். அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

நான் அந்த டிரஸ்டின் செயலாளர். வங்கியில் 31 வருடம் வேலை பார்த்தவன். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு வகுப்பெடுத்த ஆள். அப்படிப்பட்டவன் டிரஸ்டின் வரி போர்ட்டல் பாஸ்வேர்டு, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இரண்டையும் ஓர் ஆலோசகரிடம் கொடுத்துவிட்டு மூன்று வருடம் நிம்மதியாக இருந்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், இன்னொரு டிரஸ்ட் இதில் மாட்டக்கூடாது.

2021-ல் டிரஸ்ட் பதிவானதும், தெரிந்தவர் மூலம் அந்த ஆலோசகர் வந்தார். விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே 'ஆடிட்டர்' என்று இருந்தது. பட்டயக் கணக்காளர் சங்கத்தின் உறுப்பினர் எண் எதுவும் இல்லை, அது எங்கள் கண்ணில் படவும் இல்லை. "நீங்க சேவையைப் பாருங்க, பேப்பர் வேலையை நான் பாத்துக்கறேன்" என்றார். டிரஸ்டின் நிர்வாக அறங்காவலரான டாக்டருக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமாக இருந்தது, எனக்கும்தான். டிரஸ்டுக்கு வரிவிலக்கு தரும் 12ஏபி பதிவு, நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி பதிவு, இரண்டுக்கும் சேர்த்து அவருடைய கட்டணம் போக, 'அரசுக் கட்டணம்' என்று தனியாக 25,000 ரூபாய் வாங்கினார். இந்த விண்ணப்பங்களுக்கு அரசுக் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. விண்ணப்பப் படிவம் 10ஏ ஆகட்டும், 10ஏபி ஆகட்டும், போர்ட்டலில் ஏற்ற ஒரு ரூபாய்கூட ஆகாது. யாராவது அந்தப் பெயரில் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நாங்கள் எழுந்து வரவில்லை.

தற்காலிகப் பதிவு சீக்கிரமே வந்துவிட்டது. அதை லேமினேட் செய்து வரவேற்பறையில் மாட்டினோம். தற்காலிகப் பதிவை அதிகம் சோதிக்காமலே கொடுத்துவிடுவார்கள் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. மூன்று மதிப்பீட்டு ஆண்டுகளுக்குத்தான் அது செல்லும். அதற்குள் படிவம் 10ஏபி போட்டு நிரந்தரமான பதிவு வாங்க வேண்டும். அதற்கும் ஒரு கெடு உண்டு: தற்காலிகப் பதிவு முடிவதற்கு ஆறு மாதம் முன்பு, அல்லது சேவை தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள், இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. நாங்கள் 2022 தொடக்கத்திலேயே நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். அப்படிப் பார்த்தால் அந்த வருடம் முடிவதற்குள்ளேயே 10ஏபி போயிருக்க வேண்டும். ஆலோசகரோ, "மூணு வருஷம் இருக்கு சார், அவசரமே இல்லை" என்றார். நல்லவேளை, நாடு முழுக்க இதே குழப்பம் இருந்ததால் துறை கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டே போனது. இல்லையென்றால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இனி ஆசிரியரின் 50,000 ரூபாய்க்கு வருவோம். 2021-22 நிதியாண்டிலிருந்து, 80ஜி வைத்திருக்கும் டிரஸ்ட் வெறும் ரசீது கொடுத்தால் போதாது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பான் எண்ணோடு படிவம் 10பிடி-யில் அடுத்த மே 31-க்குள் ஏற்ற வேண்டும். அதை ஏற்றினால்தான் போர்ட்டலிலிருந்து படிவம் 10பிஇ என்ற சான்றிதழ் வரும். நன்கொடையாளர் அந்தச் சான்றிதழை வைத்துத்தான் கழிவு கேட்க முடியும். எங்கள் ஆலோசகர் என்ன செய்தார் தெரியுமா? டிரஸ்டின் சின்னம், அழகான பார்டர், எங்கள் 80ஜி எண், கீழே டாக்டரின் ஸ்கேன் செய்த கையெழுத்து, இவற்றோடு தானே ஒரு 'சான்றிதழ்' அச்சடித்துக் கொடுத்தார். பார்க்க உண்மையானதைவிட அழகாக இருந்தது! 2022-23க்கான 10பிடி ஏற்றப்படவே இல்லை. தாமதக் கட்டணம் நாளுக்கு 200 ரூபாய். 2023 மே 31 கெடு, நாங்கள் கண்டுபிடித்தது ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டால் 70,000 ரூபாயைத் தாண்டியது. இது போக அபராதம் என்று 10,000 முதல் 1 லட்சம் வரை கேட்கும் பிரிவு தனியாக இருக்கிறது.

ஆசிரியர் போன பிறகு போர்ட்டலைத் திறக்கலாம் என்று உட்கார்ந்தால், பாஸ்வேர்டு மாறியிருந்தது. மாற்றி அமைக்கப் பார்த்தால் ஓடிபி ஆலோசகரின் போனுக்குப் போகிறது. மின்னஞ்சலும் அவருடையதுதான். அவருக்குப் போன் செய்தால், "ஊர்ல இல்லை சார், வந்து பாத்துத் தர்றேன்" என்றார். அதன் பிறகு எடுக்கவே இல்லை. டோக்கனும் அவர் மேஜை டிராயரில் இருந்தது. டாக்டரின் பெயரில் புதிதாக டிஜிட்டல் கையெழுத்து வாங்கி, அதைக் கொண்டு பாஸ்வேர்டை மாற்றி உள்ளே நுழைய கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆனது.

உள்ளே மூன்று நோட்டீஸ்கள் இருந்தன. எதற்கும் பதில் போகவில்லை. நான்காவதாக ஓர் உத்தரவு: எங்கள் 10ஏபி நிராகரிக்கப்பட்டது, 2024 மார்ச் தேதியிட்டு. அதாவது அவர் 2023 செப்டம்பரில் விண்ணப்பம் போட்டிருக்கிறார், ஆனால் தவறான பிரிவில். தற்காலிகப் பதிவிலிருந்து நிரந்தரத்துக்குப் போகிறவர்கள் 12ஏ(1)(ஏசி) பிரிவில் மூன்றாம் உட்பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்கெனவே முழுப் பதிவு வைத்திருந்து புதுப்பிக்கிறவர்களுக்குத்தான் இரண்டாவது. இவர் இரண்டாவதைச் சொடுக்கியிருக்கிறார். 'உங்களிடம் இல்லாத பதிவை எப்படிப் புதுப்பிக்கிறீர்கள்' என்று துறை கேட்டிருக்கிறது. நியாயமான கேள்வி. அது போய்ச் சேர்ந்தது அவருடைய இன்பாக்ஸுக்கு. தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யவிருந்த 60 நாளும் அதற்குள் ஓடிவிட்டிருந்தன.

அன்று மாலை டாக்டரிடம் சொன்னபோது, "சரி, வரி கட்டிட்டாப் போச்சு, நமக்கென்ன லாபமா வருது?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மறுநாள் ஓர் உண்மையான ஆடிட்டரைப் பார்த்தோம். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, "115டிடி கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றார்.

2016-லிருந்து இருக்கும் பிரிவு இது. வரிவிலக்கு பெற்ற டிரஸ்ட் அந்தத் தகுதியை இழந்தால், அதன் சொத்துகளின் சந்தை மதிப்பிலிருந்து கடன்களைக் கழித்து, மிச்சத்துக்கு உச்சபட்ச விகிதத்தில் வரி கட்ட வேண்டும். இது அந்த வருட உபரிக்கான வரி என்று நினைத்துவிடாதீர்கள், மொத்தச் சொத்துக்கும் போடும் வரி. நேரத்தில் பதிவைப் புதுப்பிக்க விண்ணப்பிக்காமல் விடுவதும் தகுதி இழப்புதான் என்று 2023-ம் ஆண்டு நிதிச் சட்டம் சேர்த்துவிட்டது. டாக்டர் தன் தந்தை கட்டிய வீட்டை டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். மருத்துவமனை நடப்பதே அந்த வீட்டில்தான். அதன் மேல் ஒரு பைசா கடன் இல்லை. அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரி. எங்கிருந்து கட்டுவது? வீட்டை விற்றுத்தான். டாக்டர் அன்றைக்கு எதுவும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எங்களைக் காப்பாற்றியது 2024 ஏப்ரல் 25 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட ஒரு சுற்றறிக்கை. கெடுவை ஜூன் 30 வரை நீட்டியதோடு, தவறான பிரிவில் போட்டு நிராகரிக்கப்பட்டவர்களும் அதற்குள் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றது. போர்ட்டலுக்குள் நாங்கள் நுழைந்தது ஜூன் இரண்டாம் வாரம். ஆசிரியர் ஒரு மாதம் தாமதமாக வந்திருந்தால்? சரி, அதை விடுங்கள்.

புதிய ஆடிட்டர் கணக்கைப் பிரித்தபோது இன்னும் பல வெளியே வந்தன. டிடிஎஸ் என்றால் பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்துத் துறைக்குக் கட்டுவது. "டிரஸ்டுக்கு டிடிஎஸ் எல்லாம் கிடையாது சார்" என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். அறுவை சிகிச்சைக்கு வந்துபோகும் மருத்துவர்களுக்கு நாங்கள் கையில் ரொக்கமாகக் கொடுத்து, வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். டிரஸ்ட் வருமானத்தில் 85 சதவீதத்தைச் சேவைக்குச் செலவிட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும், செய்தும் இருந்தோம். ஆனால் ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு இந்தக் கணக்கில் சேராது. டிடிஎஸ் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காவிட்டால் அந்தத் தொகையில் 30 சதவீதம் சேராது. ஏழைக்கு அறுவை சிகிச்சை நடந்தது உண்மை, மருத்துவருக்குப் பணம் போனது உண்மை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது செலவு ஆகவில்லை. இந்த இடத்தில் எனக்குச் சட்டத்தின் மேலும் கோபம் உண்டு. ஊதியமே வாங்காமல் நான்கு பேர் நடத்தும் இடத்துக்கும் பெரிய மருத்துவமனைக்கும் ஒரே மாதிரி நுணுக்கம் தேவையா? அதைப் பேசினால் இந்தக் கட்டுரை நீளும்.

ஜிஎஸ்டியிலும் இதே கதைதான். "மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு" என்றார் ஆலோசகர். அது சரிதான். ஆனால் முன்பக்க அறையைக் கண்ணாடிக் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தோமே, அந்த வாடகை விலக்கில் வராது. வாடகை சொற்பம்தான், 20 லட்ச வரம்பை எட்டவே எட்டாது என்று நான் வாதாடினேன். ஆடிட்டர் சிரித்தார். பதிவு வேண்டுமா என்று பார்க்கும்போது விலக்குள்ள மருத்துவக் கட்டணத்தையும் மொத்த விற்றுமுதலில் சேர்த்துத்தான் பார்ப்பார்களாம். மருத்துவக் கட்டணத்திலேயே நாங்கள் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டோம். ஆக அந்தச் சின்ன வாடகைக்காகவே பதிவு செய்திருக்க வேண்டும். உள்ளே படுக்கும் நோயாளிக்குச் சிகிச்சையோடு கொடுக்கும் மருந்து விலக்கில் வரும். வெளிநோயாளி மருந்துக் கடையில் வாங்கிப்போவது வராது. மருந்துக் கடை வைத்திருக்கும் டிரஸ்டுகள் இதை மறுபடி ஒருமுறை படியுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் தப்பித்தோம். நாங்கள் முகம்கூடப் பார்த்திராத ஏதோ ஓர் ஆடிட்டரைக் கொண்டு தணிக்கை அறிக்கையான 10பிபி-யை ஆலோசகர் கெடுவுக்குள் ஏற்றியிருந்தார். அதுவும் விட்டுப்போயிருந்தால் அந்த வருட விலக்கு மொத்தமாகப் போயிருக்கும்.

எச்சரிக்கை மணி முன்பே அடித்ததையும் சொல்ல வேண்டும். 2023-ல் ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கண் பரிசோதனைக் கருவி வாங்கித் தர முன்வந்தது. நாங்கள் கொடுத்த செலவுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இதுல யுடிஐஎன் இல்லையே" என்றார்கள். பட்டயக் கணக்காளர் கையெழுத்திடும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் 18 இலக்க எண் ஒன்று உண்டு. அவர்களுடைய சங்கத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. ஆலோசகரிடம் கேட்டேன். "சின்ன டிரஸ்டுக்கெல்லாம் அது வேண்டாம் சார்" என்றார். நானும் அதையே நிறுவனத்திடம் போய்ச் சொன்னேன். கருவி வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அவர் பட்டயக் கணக்காளரே இல்லை என்பது பிறகு தெரிந்தது. உறுப்பினர் இல்லாதவர்மேல் அவர்களுடைய சங்கத்தில் ஒழுங்கு நடவடிக்கை கேட்க வழியில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வைத்திருக்கிறோம்.

அதே 2023-ல் ஆலோசகர் இன்னொரு யோசனையும் சொன்னார். பெரிய தொகையைக் காசோலையாக வாங்கி, கமிஷன் பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்கலாம், "எல்லா டிரஸ்டும் பண்றதுதான்" என்று. டாக்டர் அன்றைக்கே முகத்துக்கு நேரே மறுத்துவிட்டார். அந்த யோசனையைச் சொன்ன ஆளிடமிருந்து டோக்கனை ஏன் அன்றே திருப்பி வாங்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஜூன் கடைசி வாரத்தில் சரியான உட்பிரிவில் 12ஏபி, 80ஜி இரண்டுக்கும் விண்ணப்பம் போனது. டிரஸ்ட் பத்திரம், மூன்று வருடக் கணக்கு, முகாம்களின் படங்கள், அறங்காவலர்களின் உறவினர்களுக்கு ஏதாவது பணம் போயிருக்கிறதா என்ற விவரம், எல்லாம் கேட்டார்கள். இந்த முறை நோட்டீஸ் என் போனுக்கு வந்தது, இரவு ஒன்பதரைக்கு. டிசம்பரில் உத்தரவு கிடைத்தது, ஐந்து ஆண்டுகளுக்கு. அடுத்த சில மாதங்களில் சிறிய டிரஸ்டுகளுக்குப் பத்து ஆண்டு என்று மாற்றினார்கள், எங்கள் ராசி அப்படி! 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. நான் சொன்னவை எல்லாம் 1961 சட்டத்தின் பிரிவு, படிவ எண்கள். உங்கள் ஆடிட்டரிடம் புதிய எண்களைக் கேட்டுக்கொள்ளுங்கள், அவருடைய உறுப்பினர் எண்ணையும் சேர்த்து.

தாமதக் கட்டணத்தை அறங்காவலர்கள் நால்வரும் எங்கள் கையிலிருந்து போட்டோம், நோயாளிகளின் பணத்திலிருந்து எடுக்க மனம் வரவில்லை. ஆசிரியருக்கு 10பிஇ சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். பிறகு போனை எடுத்து, எங்கள் பதிவு எண்ணைத் துறையின் தளத்தில் தானே போட்டுப் பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.