வேலை மேஜைக்கு மின்சாரம்: தரைப் பாக்ஸா, திருகி மாட்டிய ஸ்பைக் கார்டா, சுவர்ப் பாயிண்டா?

வீட்டில் வேலை பார்க்கும் அறையில் துடைப்பம் போகாத இடம் மேஜையின் அடிதான். வயர்கள் பின்னிக் கிடப்பதால் யாரும் அங்கே கை வைப்பதில்லை. மேஜைக்கு மின்சாரம் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு: தரையில் போடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மேஜைப் பலகையின் அடியில் திருகி மாட்டும் ஸ்பைக் கார்டு, சுவரில் புதிதாக எடுக்கும் பிளக் பாயிண்ட்.

பலரும் பயப்படுவது லோடுக்கு. லேப்டாப் 65 வாட்ஸ், மானிட்டர் 30, ரவுட்டர் 12, மேஜை விளக்கு 10. கூட்டினால் 120-ஐத் தொடாது. 6 ஆம்பியர் பாயிண்ட் 230 வோல்ட்டில் 1,380 வாட்ஸ் தாங்கும். அதே பாக்ஸில் 1,000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸையும், சூடேறும்போது கிட்டத்தட்ட அதே அளவு இழுக்கும் லேசர் பிரின்டரையும் செருகினால்தான் ஆபத்து.

மற்ற நேரங்களில் கெடுப்பது லூஸ் கான்டாக்ட், தூசு, ஈரம். எல்லா வகை பின்னும் நுழையும் மலிவான சாக்கெட், எந்தப் பின்னையும் இறுகப் பிடிக்காது. இடைவெளியில் பொறி பறக்கும், சூடேறும், ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகும். அப்படிப் பழுப்பான பாக்ஸை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், தூக்கி எறியுங்கள்.

தரைப் பாக்ஸுக்கு இருக்கும் ஒரே நன்மை, நினைத்த இடத்துக்கு நகர்த்தலாம் என்பது. ஆனால் அதன் ஓட்டைகள் மேல்நோக்கி இருக்கின்றன. தலைமுடியும் தூசும் உள்ளே இறங்கும், மாப் போடும்போது தண்ணீரும் தெறிக்கும். தூசு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால் பின்களுக்கு இடையே மின்கசிவு தொடங்கும்.

அதே பாக்ஸைப் பலகைக்கு அடியில் மாட்டினால் தரை முழுக்கக் காலியாகும், மாப் தடையின்றி ஓடும். பலகை 18 மி.மீ. என்றால் அதற்குள் 12 மி.மீ.க்கு மேல் திருகு இறங்கக் கூடாது. ஓட்டைகள் பக்கவாட்டில் பார்க்கட்டும். கீழே பார்த்தால் கனமான அடாப்டர் தன் எடையாலேயே நழுவி லூஸாகும். மீந்த வயரை இறுக்கிச் சுருட்டாமல் தளர மடித்து வெல்க்ரோவால் கட்டுங்கள். எர்த் பின் இல்லாத இரட்டைப் பின் வயருள்ள பாக்ஸை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

சொந்த வீடென்றால் சுவர்ப் பாயிண்ட்தான் சரி. மேஜை 75 செ.மீ. உயரம் என்றால் போர்டைத் தரையிலிருந்து 90 செ.மீ.யில் வையுங்கள்; ஸ்விட்ச் கண்ணெதிரே இருக்கும். சுவரைக் கொத்த மனமில்லாவிட்டால், சுவருக்கு மேலேயே வயரை மூடிக் கொண்டுபோகும் கேசிங் பட்டி போதும். சிலர் பக்கத்து லைட் போர்டிலிருந்து பேஸும் நியூட்ரலும் மட்டும் இழுத்துவிட்டு எர்த்தை விட்டுவிடுவார்கள். மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்: பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட் வர வேண்டும். லேசர் பிரின்டர் இருந்தால் 2.5 சதுர மி.மீ. வயரும் தனி எம்சிபியும் (லோடு மிஞ்சினால் தானே அணையும் ஸ்விட்ச்) கேளுங்கள். இரண்டே சாக்கெட் வைத்தால் ஒரு மாதத்தில் தரைப் பாக்ஸ் திரும்ப வந்துவிடும், குறைந்தது நான்கு வேண்டும்.

வாடகை வீட்டுக்குத் திருகி மாட்டிய ஸ்பைக் கார்டே போதும். மாதம் ஒருமுறை பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் ஓட்டைகளைச் சுற்றித் தட்டி, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். ஈரத்துணி அந்தப் பக்கமே வரக் கூடாது.