பாலக்காடா, சங்ககிரியா, சத்தியா? போர்க்களம் பார்க்க எந்தப் பக்கம் போகலாம்

கோயமுத்தூரிலோ ஈரோட்டிலோ காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்ப வேண்டும். வண்டியில் நாலைந்து பேர், கூடவே விவரம் தெரிந்த ஒரு ஆள். இந்தக் கணக்குக்குள் பழைய போர் நடந்த இடங்களைப் பார்க்க நினைத்தால் மூன்று வழிகள் இருக்கின்றன: பாலக்காட்டுக் கோட்டை, சங்ககிரியும் ஓடாநிலையும், சத்தியமங்கலம். மைசூர்க்காரரும் ஆங்கிலேயரும் பாளையக்காரர்களும் முட்டிக்கொண்ட காலம்தான் மூன்றுக்கும். ஆனால் வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசுக்கு மூன்றும் ஒன்றல்ல. கோட்டை முழுசாக நிற்கும் இடத்தில் அவர் இல்லாமலும் சமாளிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுமே அகப்படாத இடத்தில்தான் ஆள் தேவை.

முதலில் பாலக்காடு. கொங்கு மண் இல்லைதான், ஆனால் கணவாய் வழியை யார் பிடிப்பது என்பதே கோயமுத்தூர்ச் சண்டைகளில் பாதி. 1766இல் ஹைதர் அலி கட்டிய கோட்டை. 1790 செப்டம்பரில் ஆங்கிலேயப் படையின் கர்னல் ஸ்டூவர்ட் முற்றுகையிட்டுப் பிடித்தார். அகழி, கருங்கல் மதில், கொத்தளம் எல்லாம் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். சமதரை என்பதால் முழங்கால் வலிக்காரர்களையும் கூட்டிப் போகலாம். வாடகை வண்டி என்றால் கேரளா பர்மிட் செலவு யார் தலையில் என்று முன்பே பேசிவிடுங்கள், வாளையாறில் நின்றுகொண்டு டிரைவரோடு கணக்குப் பார்ப்பது நன்றாக இருக்காது. இங்கே தனி வழிகாட்டி வைப்பது, என்னைக் கேட்டால், வீண் செலவு.

சங்ககிரி, ஓடாநிலை வழி தீரன் சின்னமலை வழி. அறச்சலூருக்குப் பக்கத்தில் உள்ள ஓடாநிலையில் அவர் கோட்டை கட்டி ஆங்கிலேயரை எதிர்த்து நின்றார். அந்தக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள், இப்போது மணிமண்டபம்தான் இருக்கிறது. காவிரிக்கு அந்தப் பக்கம் சங்ககிரி மலைக்கோட்டையில் 1805 ஜூலை 31 அன்று அவரைச் சகோதரர்களோடு தூக்கிலிட்டார்கள். வரலாற்று வரிசைப்படி ஓடாநிலை முதலில், சங்ககிரி கடைசியில் என்றுதான் எல்லோரும் திட்டம் போடுவார்கள். அப்படிப் போனால் உச்சி வெயிலில் மலை ஏற வேண்டியிருக்கும். விடிந்ததும் சங்ககிரி, மத்தியானச் சோற்றுக்கு ஈரோடு, சாயங்காலம் ஓடாநிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ள வேண்டும். வாசல் வாசலாகக் கடந்து ஏறும்போது, பீரங்கியோடு வருகிறவனை இந்த மலை என்ன பாடுபடுத்தியிருக்கும் என்பதைக் காலே சொல்லிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதுதான் பொருத்தம். ஆடி 18 அன்று மட்டும் வேண்டாம். அன்று இரண்டு இடத்திலும் அரசு விழா, மாலை போட வருகிற கட்சி வண்டிகளுக்கு நடுவே ஒன்றும் பார்க்க முடியாது.

இந்த வழியில் வழிகாட்டி எடுத்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மைசூருக்குப் போன வரிப் பணத்தைப் பறித்துக்கொண்டு, “சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பிடுங்கிக்கொண்டான் என்று சொல்” என்று அனுப்பியதாக ஊரெல்லாம் சொல்லும் கதை இருக்கிறதே, அதே ஆள் பிறகு திப்புவோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்தது எப்படி? இதற்கு நிதானமாகப் பதில் சொல்கிறவரை நம்பி முன்பணம் கொடுக்கலாம். “அதெல்லாம் வீரம்ங்க” என்று முடித்துக்கொண்டால் நீங்களே படியேறிக்கொள்ளுங்கள்.

சத்தியமங்கலம் வேறு மாதிரி. 1790 செப்டம்பரில் திப்பு கெஜலெட்டிக் கணவாய் வழியே படையோடு இறங்கினார். பவானிக் கரையில் ஆங்கிலேயக் கர்னல் ஃபிளாய்டின் படையோடு மோதல். ஃபிளாய்டு பீரங்கிகளை விட்டுவிட்டுக் கோயமுத்தூர்ப் பக்கம் பின்வாங்கினார். துரத்தி வந்த திப்புவோடு சேவூருக்குப் பக்கத்தில் மறுபடி சண்டை. அவினாசி போகும்போது சேவூரைத் தாண்டியிருப்போம், இங்கே ஒரு யுத்தம் நடந்தது என்று சொல்ல ஒரு பலகைகூட நம் கண்ணில் பட்டிருக்காது.

அதனால்தான் இங்கே நல்ல ஆள் வேண்டும். எனக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார். வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு புன்செய்க் காட்டோரம் கிளுவை வேலியைக் காட்டினார். முள்ளும் கிளையும் பின்னி ஆட்டுக்குட்டி நுழைய இடமில்லாமல் நின்றது. “குதிரையில உட்கார்ந்து இதைத் தாண்டுங்க பார்க்கலாம்” என்றார். வேலியடைத்த காடுகளுக்கு நடுவே நடந்த சண்டையில் குதிரைப்படை ஏன் நினைத்தபடி பாய முடியவில்லை என்பது அங்கேதான் எனக்குப் பிடிபட்டது.

குறைகளும் உண்டு. கெஜலெட்டி இப்போது புலிகள் காப்பகத்துக்குள். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. “எனக்கு ஆள் தெரியும்” என்கிற வழிகாட்டியைத் தவிர்த்துவிடுங்கள். திம்பம் மலைப்பாதையில் இரவுக் கட்டுப்பாடு இருப்பதால் மேலே போனால் நேரத்தோடு இறங்கிவிட வேண்டும். அப்புறம், வண்டியில் ஆர்வமில்லாத ஒருவர் இருந்தால் போதும், “இந்த வேலியைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார்.

கோயமுத்தூர்க் கோட்டையைத் தனி வழியாகச் சேர்க்கவில்லை. ஆங்கிலேயர் கையில் இருந்தபோது, 1791இல் திப்பு படையின் முதல் தாக்குதலைத் தாங்கி, நவம்பரில் அவர் தளபதி கமருதீன் கானிடம் சரணடைந்த கோட்டை அது. இன்று கோட்டைமேடு என்ற பெயரும் கோட்டை ஈசுவரன் கோயிலும் மிச்சம். எந்த வழியில் போனாலும் கிளம்பும் முன் ஒரு எட்டு பார்த்துக்கொள்ளலாம். 1942 ஆகஸ்டில் போராட்டக்காரர்கள் தீ வைத்த சூலூர் விமானத்தளம் இன்றும் விமானப்படையிடம் இருக்கிறது. அதற்காக வண்டி எடுக்க வேண்டாம்.

என் ஓட்டு சத்திக்கே. தேதியை மட்டும் பவானிசாகர் நீர்மட்டம் பார்த்துக் குறியுங்கள். பழைய டணாயக்கன் கோட்டை அந்த அணைக்குள் மூழ்கிக் கிடக்கிறது. நீர் நன்றாக வற்றிய வருடங்களில் அங்கிருந்த கோயில் வெளியே தெரியும். கோடையில் போனால் அதற்கு வாய்ப்பு அதிகம், வெயிலும் அதிகம்.