ஸ்டிக்கரா, பெயின்டா, கொடிக் கயிறா: விளையாட்டு அறைச் சுவருக்கு எது கட்டுப்படியாகும்?

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துதான் முதலில் பெயர்ந்தது. ஆன்லைனில் 349 ரூபாய்க்கு வாங்கிய வினைல் ஸ்டிக்கர். கழுத்தோரம் அளவுகோல் போட்டிருக்கும். குழந்தையை நிறுத்தி உயரம் பார்க்கலாம். ஒட்டியது தை மாதம். ஐப்பசி மழையில் வெளிச்சுவர் ஓதம் இழுத்ததும் கொம்பும் காதும் முன்னால் சாய்ந்து தொங்க ஆரம்பித்தன. அமுக்கி ஒட்டிவிடலாம் என்று தொட்டால், பசையோடு சுவரின் வெள்ளையும் மாவு மாவாக அப்பிக்கொண்டு வந்தது.

எங்களுடையது சென்னையில் வாடகை வீடு. விளையாட்டு அறை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது பத்துக்கு ஒன்பது அடி அறையை. ஒரு மூலையில் துணி காயப்போடும் ஸ்டாண்டும் இஸ்திரிக்குப் போக வேண்டிய மூட்டையும் இருக்கும். மீதி இடம் மகளுக்கு. அந்த ஓர் அறைச் சுவரில் மூன்று வருஷமாக ஒன்று மாற்றி ஒன்று முயன்று பார்த்துவிட்டேன். அண்ணன் வீட்டில் வேறொரு வழி பிடித்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, வாங்கும் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டது தப்பு என்று புரிந்தது.

முதலில் ஸ்டிக்கரும் பெயின்டும். இரண்டும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் சமாசாரம். அதனால் முதலில் பார்க்க வேண்டியது சுவரைத்தான், படத்தை இல்லை. ஓதம் பார்க்க வந்த பெயின்டர் சொன்னது இது: "டிஸ்டெம்பர் சுவர்ல ஸ்டிக்கர் நிக்காது மேடம். உள்ளங்கையை வச்சுத் தேய்ச்சுப் பாருங்க. கையில வெள்ளை ஒட்டுச்சுன்னா வாங்காதீங்க." டிஸ்டெம்பர் என்றால் தேய்த்தால் மாவு உதிரும் மலிவு பெயின்ட். வாடகை வீடுகளில் பல ஓனர்கள் அடிப்பது அதுதான், விலை குறைவு என்பதால். மாவு உதிராத, துடைக்கக்கூடிய எமல்ஷன் பெயின்ட் அடித்த சுவரில் கதை தலைகீழ். ஸ்டிக்கர் நன்றாகவே நிற்கும். இரண்டு வருஷம் கழித்து உரிக்கும்போது பெயின்ட் தோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டி, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தால் சேதம் குறையும். குறையும், அவ்வளவுதான். வீடு காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் செய்ய ஓனருக்கு அது போதும்.

அதற்காக ஸ்டிக்கரே வேண்டாம் என்று சொல்லவில்லை. வழவழப்பான இடத்துக்கு அதுதான் ராஜா. எங்கள் ஒட்டகச்சிவிங்கி இப்போது இரும்பு பீரோவின் கதவில் நிற்கிறது. கால் மட்டும் பாதியில் வெட்டுப்பட்டுவிட்டதால் அளவுகோல் தரையிலிருந்து சரியாக வராது. உயரம் பார்க்க வாங்கியது உயரம் பார்க்க உதவாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

அண்ணனுக்குச் சொந்த வீடு. பட்டி பார்த்து, அதாவது மாவுப் பூச்சால் வழவழப்பாக்கி, எமல்ஷன் அடித்த சுவர். ஒரு லிட்டர் வெள்ளை எமல்ஷன், கலர் கலக்க நாலு ஸ்டெயினர் பாட்டில், மாஸ்கிங் டேப், பிரஷ் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள் முடித்தான். டேப்பை நேராக ஒட்டி, மூன்று மலை, அடியில் ஒரு ரயில். படம் வரையத் தெரியாதவன் செய்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். முழுச் சுவரும் நிறைந்துவிடும், ஈரத்துணியால் துடைக்கலாம், எதுவும் உரியாது. சதுர அடிக்கு என்ன செலவு என்று பார்த்தால் இதற்குக் கிட்டே எதுவும் வராது. ஆனால் மூன்று வயதில் ரயில் ரயில் என்று கத்திய மருமகன் இப்போது ஆறு வயதில் ராக்கெட் கேட்கிறான். ரயில் சுவரைவிட்டு நகர மாட்டேன் என்கிறது. மறுபடி மேலே வெள்ளை ரெண்டு கோட் அடித்துத்தான் ராக்கெட் விட வேண்டும்.

பெயின்ட் வழியில் போகிறவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பரணில் கிடக்கும் பழைய எனாமல் டின்னைத் திறக்க வேண்டாம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எண்ணெய்ப் பெயின்ட்களில் ஈயம் கலந்த நிறமிகள் போடுவது வெகுகாலம் வழக்கம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு கொண்டுவந்த விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய டின்னில் என்ன இருக்கும் என்று யார் கண்டது? சுவரில் பொரிந்த பெயின்டை நகத்தால் சுரண்டி வாயில் போடும் வயசு குழந்தைகளுக்கு. புதிய டின்னிலேயே ஈய அளவு அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்கலாம்.

கரும்பலகைப் பெயின்டையும் யோசித்தோம். மகளுக்கு மழைக்காலத்தில் இளைப்பு வரும். சாக்பீஸ் தூளை நினைத்ததும் விட்டுவிட்டேன். ஃப்ளெக்ஸில் கார்ட்டூன் அச்சடித்து மாட்டுவது மலிவுதான், ஆனால் அறைக்குள் அந்த பிளாஸ்டிக் வாடை நாலு நாள் போகாது. பார்க்கவும் பிறந்தநாள் மண்டபம் மாதிரி இருக்கும்.

அடுத்தது அச்சிட்ட படங்கள். இதில் நல்ல படத்துக்குக் காசே கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017-லிருந்து, காப்புரிமை முடிந்த தன் படங்களைப் பெரிய அளவில் இலவசமாகவே தருகிறது. இறக்கி, அச்சிட்டு, வெட்டி என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே குழந்தைக் கதைகள் உண்டு. அந்த ஓவியங்களையும் எடுத்துக்கொள்ளலாம், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும். ஜெராக்ஸ் கடையில் ஏ3 கலர் பிரிண்ட் எனக்கு 40 ரூபாய் ஆனது. கொஞ்சம் தடித்த தாள் கேளுங்கள். சாதாரணத் தாள் நம் ஊர்ப் புழுக்கத்தில் அப்பளம் மாதிரி சுருண்டுவிடும்.

நான் எடுத்தது ஒரு பழந்தின்னி வௌவால். 1777-க்கும் 1782-க்கும் இடையில் கல்கத்தாவில், பவானி தாஸ் என்ற ஓவியரோ அவர் வழியில் வந்தவரோ, ஓர் ஆங்கிலேயச் சீமாட்டியின் தொகுப்புக்காக வரைந்தது. இறக்கையின் ஒவ்வொரு நரம்பும் தெரியும். "வீட்டுல போய் வௌவாலை மாட்டுவாங்களாடி?" என்றார் அம்மா. சரி என்று ஃப்ரேம் கடையில் கொடுத்தேன். அங்கேதான் கணக்கு உதைத்தது. 40 ரூபாய் படத்துக்கு 450 ரூபாய் ஃப்ரேம், அதன் மேல் கண்ணாடி. பந்து எறியும் அறையில் கண்ணாடி வைக்கலாமா? அதனால் ஐந்தரை அடி உயரத்தில், கான்கிரீட் ஆணி அடித்து மாட்டினேன். ஆணிக்குப் பட்டி உதிர்ந்து ரூபாய் அகலத்துக்கு ஒரு பள்ளம் வேறு. நாலு வயசுக் குழந்தை நின்றால் சுமார் ஒரு மீட்டர் உயரம். அவள் அந்த வௌவாலை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கள் கண் மட்டத்தில் எங்களுக்காக மாட்டிய படம் அது.

துணியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எம்பிராய்டரி வளையத்தில் அம்மாவின் கிழிந்த சுங்குடிப் புடவையிலிருந்து நாலு துண்டு வெட்டி இழுத்து மாட்டியிருக்கிறேன். வளையம் ஒன்று 70 ரூபாய். தையல்காரரிடம் கேட்டால் வெட்டுத்துணி சும்மாவே கிடைக்கும். எடை இல்லாததால் குண்டூசி அளவு ஆணி போதும், தலையில் விழுந்தாலும் அழுகை வராது. அழகு என்று பார்த்தால் இதற்குத்தான் என் ஓட்டு. மகள் அதில் ஒன்றைக் கழற்றி பொம்மைக்கு ஸ்டியரிங் ஆக்கிவிட்டாள்.

கடைசியாக வந்ததுதான் கொடி. சணல் கயிறு 30 ரூபாய், மரக் கிளிப் ஒரு டஜன் 60 ரூபாய். இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கும் நடுவே, அவள் தோள் உயரத்துக்குக் கட்டினேன். சுவரில் ஆணியே அடிக்கவில்லை. கயிறு கழுத்து மட்டத்தில் ஓடுவதால் சுவரை ஒட்டி விறைப்பாக இழுத்துக் கட்டுவது முக்கியம், தொய்வாக விட்டால் ஆபத்து. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இது வேண்டவே வேண்டாம். அவள் வரைந்ததும், கருப்பு சார்ட்டில் வெள்ளை போஸ்டர் கலரால் அம்மாவும் அவளுமாகப் போட்ட ஏழு புள்ளிச் சிக்குக் கோலமும் அதில் தொங்குகின்றன. தாள் சுருளாமல் இருக்க, முடிந்துபோன தினக்காலண்டரின் அட்டையை வெட்டிப் பின்னால் ஒட்டுகிறேன். சிவகாசி அட்டை, ஏ4 தாளுக்குப் பாந்தமாகப் பொருந்தும். வெயில் விழும் பக்கம் ஸ்கெட்ச் பேனா ஓவியங்கள் மூன்று மாதத்தில் வெளிறிவிட்டன; கிரேயான் அப்படியே இருக்கிறது.

குறை உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் குப்பையாகத் தெரியும். விருந்தாளி போட்டோ எடுத்துப் போடும் சுவர் இல்லை இது. மலையும் ரயிலும் போட்ட அண்ணன் வீட்டுச் சுவர் முன்னால் நிற்கவே முடியாது. சொந்தச் சுவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறவர்களுக்கு நான் பெயின்டைத்தான் சொல்வேன், மேல் பாதியில் மட்டும். கீழ்ப் பாதியில் ஒரு கயிறு கட்டிவிடுங்கள். வாடகை வீட்டுக்காரர்கள் கயிற்றோடு நின்றுகொள்ளலாம். 90 ரூபாய்தான், வீடு மாறும்போது சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

போன மாதம் ஃப்ரேமைப் பிரித்து வௌவாலையும் கொடிக்கு இறக்கினேன். மறுநாள் காலை பார்த்தால் கால் மேலே, தலை கீழே. நேராக்கப் போனேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மா, விடு. அது அப்படித்தான் தூங்கும்."