பவளத் தொட்டிக்கு ஒளி அளக்க: அப்போஜி எம்.க்யூ-510 மீட்டர்

வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்து உயிருள்ள பவளம் வளர்க்கிறவர்கள் விளக்கு வாங்குவதற்கு முன்னால் எத்தனை வாட், எத்தனை நிறம், எந்த லென்ஸ் என்று வாரக்கணக்கில் அலசுகிறோம். ஆனால் அதை மாட்டிய பிறகு எத்தனை சதவீதத்தில் எரியவிடுவது என்பதைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்துவிடுகிறோம். பவளம் வெளுத்தாலும் சரி, பழுப்பேறினாலும் சரி, உடனே பழி விளக்கின் மேல்தான் விழுகிறது. வேறு விளக்கு வாங்குவதற்கு முன்னால் தொட்டிக்குள் ஒளியை ஒரு தடவையாவது அளந்து பாருங்கள். நான் அதற்கு வைத்திருப்பது அப்போஜி நிறுவனத்தின் எம்.க்யூ-510 என்ற மீட்டர்.

கண்ணை ஏன் நம்பக்கூடாது என்றால், நமக்கு அலைநீளம் 555 நானோமீட்டர் பக்கத்தில் இருக்கும் பச்சைதான் பளிச்சென்று தெரியும், 450 பக்கத்து நீலம் மங்கலாகத்தான் தெரியும். பவளத்தின் திசுவுக்குள் இருக்கும் சூசாந்தெல்லே பாசிக்கோ அந்த நீலம்தான் முக்கிய உணவு. அதனால் நீல எல்.ஈ.டி. மட்டும் எரிகிற தொட்டி நமக்கு இருட்டாகத் தெரியும், வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போவோம், பவளம் அங்கே சூடுபட்ட மாதிரி சுருங்கிக்கொண்டிருக்கும். லக்ஸ் மீட்டரும் போன் ஆப்பும் மனிதக் கண்ணின் கணக்கைப் பின்பற்றுவதால் அவற்றிலும் இதே கோளாறுதான்.

இந்த மீட்டர் அளப்பது 'பார்' (PAR), அதாவது ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் (துகள்களை எண்ணும் அலகு) விழுகின்றன என்று சொல்லும். உச்சிவெயில் சுமார் 2000. கையடக்கமான ஒரு திரை, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் வெள்ளை வட்டம் வைத்த சின்ன சென்சார், அவ்வளவுதான் கருவி. தண்ணீருக்குள் போவது சென்சாரும் ஒயரும் மட்டுமே, திரையை நனைக்காதீர்கள். இதே நிறுவனத்தின் பழைய வகை சென்சார் கிட்டத்தட்ட 410 முதல் 655 வரைதான் பிடிக்கும், நீல எல்.ஈ.டி.க்குக் குறைவாகக் காட்டிவிடும். இது 389 முதல் 692 வரை பிடிக்கிறது. தண்ணீருக்குள் போனால் எந்த சென்சாரும் குறைவாகக் காட்டும், அந்தத் திருத்தத்தை இது தானே போட்டுக்கொள்கிறது. அதனாலேயே தண்ணீருக்கு வெளியே அளந்தால் எண் கூடுதலாக வரும், அதை 1.32ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

சென்சாரை ஒரு குச்சியில் கட்டி, வெள்ளை வட்டம் நேராக மேலே பார்க்கும்படி பாறைமேல் வையுங்கள். கை நிழல், தலை நிழல் விழக்கூடாது. மேற்பரப்பு அலையால் எண் ஒரு இடத்தில் நிற்காது, 180, 240, 205 என்று துள்ளும். பம்பை நிறுத்திவிட்டு அளக்கச் சொல்பவர்களும் உண்டு, எனக்கென்னவோ பம்ப் ஓடும்போதே அரை நிமிஷம் பார்த்துச் சராசரி எடுப்பதுதான் சரியாகப் படுகிறது, பவளத்துக்குக் கிடைப்பதும் அந்த ஒளிதானே. விளக்குக்கு நேர் கீழே ஒரு எண் வரும், ஒரு சாண் பக்கவாட்டில் நகர்த்தினால் பாதிக்குக்கூட இறங்கிவிடும், பாறை விளிம்புக்கு அடியில் கொண்டுபோனால் இரண்டு இலக்கத்துக்கு வந்துவிடும். ஒரே தொட்டி, ஒரே விளக்கு. இதைப் பார்த்த பிறகு "என் விளக்கு 60 சதவீதத்தில் ஓடுகிறது" என்று யாராவது சொன்னால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பது புரிந்துவிடும்.

சரி, எவ்வளவு வேண்டும்? காளான் பவளம், தோல் பவளம் மாதிரி மென்பவளங்களுக்கு 50 முதல் 100 வரை தாராளம். டார்ச், ஹாமர் போன்ற யூஃபிலியா வகைப் பவளங்களுக்கு 80 முதல் 150 வரை வைக்கலாம். கல்பவளங்களில் மாண்டிபோராவை 200 பக்கம் வைத்து, அக்ரோபோராவை 250 முதல் 350க்குள் வைப்பேன். அதற்கு மேல் ஏற்றினாலும் பாசியின் ஒளிச்சேர்க்கை ஒரு கட்டத்தில் உச்சம் தொட்டு நின்றுவிடும். மிச்ச ஒளி திசுவுக்குள் தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கிளப்பிவிட, பவளம் பாசியை வெளியேற்றி வெளுக்கும். எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதும் கணக்கில் வரும்: 200 பார் அளவில் 10 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்குச் சதுர மீட்டருக்கு 7.2 மோல், 250இல் 12 மணி நேரம் என்றால் 10.8 மோல். எண்ணும் நேரமும் கொஞ்சம்தான் ஏறினாலும் நாள் கணக்கில் பாதி கூடிவிடுகிறது.

மேலே சொன்ன எண்ணுக்கு ஒரே நாளில் தாவிவிடாதீர்கள். புதுப் பவளத்தை மங்கலான இடத்தில் வைத்து வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றுங்கள், பாசி தன் நிறமிகளை மாற்றிக்கொள்ள அவ்வளவு நாள் பிடிக்கும். அப்புறம், வெளுப்பதெல்லாம் ஒளியால் அல்ல. தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தாலும் நிறம் போகும், அங்கே விளக்கைக் குறைத்துப் பயனில்லை.

குறை என்று பார்த்தால், இது நிறத்தைப் பிரித்துச் சொல்லாது. வெள்ளையில் 200ம் நீலத்தில் 200ம் இதற்கு ஒன்றுதான். அளந்து முடித்ததும் சென்சாரை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், உப்பு காய்ந்து படிந்தால் அடுத்த அளவு தவறும். விலையும் ஒரு நல்ல சிறிய விளக்கின் விலைக்குப் பக்கத்தில் வரும், வருஷத்தில் சில நாள் மட்டும் வெளியே வரும் பொருளுக்கு அது அதிகம். மென்பவளம் மட்டும் வைத்திருப்பவர்கள் நண்பரிடம் ஒரு மாலை கேட்டு வாங்கி, தொட்டியைத் தாளில் வரைந்து இடத்துக்கு இடம் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். அக்ரோபோரா வளர்ப்பவர்களுக்கு விளக்கின் உயரத்தை மாற்றினாலும், கிளைகள் வளர்ந்து கீழே நிழல் விழுந்தாலும் மறுபடி அளக்க வேண்டியிருக்கும், அவர்கள் யோசிக்காமல் சொந்தமாக வாங்கலாம்.