அப்பாவின் உளியும் 8,200 ரூபாயும்

நேற்று முன்தினம் டெல்லி விமானத்தைத் தவறவிட்டேன். 8,200 ரூபாய் போயிற்று. கொதிப்பு அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் "போகட்டும்" என்று விட்டுவிடும் ஆள் நான்.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் மரச்செதுக்கு வேலை செய்கிறேன். டெல்லி மயூர் விகாரில் ஒரு தமிழ்க் குடும்பம் பூஜையறைக் கதவுக்கு அன்னமும் கொடியும் செதுக்கித் தரக் கூப்பிட்டிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து டிக்கெட் போட எங்கள் பக்கத்து டிராவல்ஸ் கடை ஒன்றுக்குப் போனேன். பெயர் வேண்டாம். மேசைமேல் பிளாஸ்டிக் விமானம் நிற்கும் ஏசி கடை என்றால் போதும்.

"சேட்டா, பையில் உளி, கொட்டாப்புளி, அரம் எல்லாம் இருக்கும். தடுப்பார்களா?" நான்தான் கேட்டேன், அவராகச் சொல்லவில்லை.

"எத்தனை கிலோ?"

"ஆறு."

"ஏழு கிலோ வரை கையிலேயே கொண்டுபோகலாம், ஆசாரியாரே. விமான நிலையக் கவுண்டரில் சாமானாகப் போட்டால் காணாமல் போகும். உங்கள் அப்பா புழங்கிய உளியாயிற்றே!"

அந்தக் கடைசிச் சொல்லில்தான் விழுந்தேன். அப்பாவின் நகவுளிப் பிடியில் அவருடைய கட்டைவிரல் தேய்த்த பள்ளம் உண்டு. என் விரலும் அதில்தான் உட்காரும். இதையெல்லாம் நினைத்துப் பேசுகிறவர் தெரியாமலா சொல்வார்? 8,200 ரூபாயை எண்ணி வைத்தேன். ஒற்றைத் தாளை நீட்டினார்.

விமான நிலையக் கவுண்டரில் "சாமான் இருக்கிறதா?" என்று கேட்ட பெண்ணிடம் பெருமையாக "இல்லை" என்றேன். பாதுகாப்புச் சோதனையில் பை நின்றது. திரையில் என் பதினொரு உளிகளும் மீன் முள் போல நீலமாக வரிசை கட்டி நின்றன. மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்காரர் எண்ணெய்த் துணியைப் பிரித்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "இதை உள்ளே விடமாட்டோம். கவுண்டரில் போட்டுவிட்டு வாருங்கள்." அவர்மேல் குற்றமில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். திரும்பி ஓடினால் கவுண்டர் மூடியாகிவிட்டது. உளியை அங்கேயே விட்டால் நான் ஏறலாம். ஏறி, டெல்லியில் நகத்தாலா செதுக்குவது? வெளியே வந்துவிட்டேன்.

கடைக்கு ஏழு முறை போன் செய்தேன். எட்டாவது முறை ஒரு பெண் எடுத்து, முதலாளி குருவாயூர் போயிருக்கிறார் என்றாள். நேற்று நேரில் போனேன். குருவாயூரிலிருந்து வந்துவிட்டார் போலும், சாயா குடித்துக்கொண்டிருந்தார். "நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஏறாத டிக்கெட்டுக்கு ஒரு பைசா வராது."

வீட்டில் மச்சினன் மகன் போனில் டிக்கெட்டைத் திறந்து காட்டினான். அதற்கு இரண்டு பக்கம்! இரண்டாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது: கூர்மையான கருவிகள் கையில் கூடாது, கவுண்டரில் 15 கிலோ இலவசம். கட்டணமே இல்லாமல் போயிருக்க வேண்டிய ஆறு கிலோவுக்கு நான் 8,200 ரூபாய் அழுதிருக்கிறேன். ஒரு தாள் அச்சடிக்க மனமில்லை அந்த மனிதருக்கு.

'ஒரு பைசா வராது' என்பதும் பொய். பயணி ஏறாவிட்டாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தரவேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. ஏஜென்ட் வழியாக வாங்கினாலும் அந்தப் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. அதற்காக நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசியிருக்கிறேன். 8,200இல் எவ்வளவு தேறும் என்று பார்க்கவேண்டும்.

என்னென்ன கொண்டுபோகலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், ரயிலுக்கு நேரமாகிவிட்டது. உளி, சுத்தியல், ரம்பம், ஸ்க்ரூ டிரைவர் எதுவானாலும் கவுண்டரில் போடுங்கள், நுனியைத் துணியால் சுற்றி. ட்ரில் மிஷினும் அப்படித்தான். கழற்றிய லித்தியம் பேட்டரி மட்டும் கைப்பையில். கடைக்காரர் வாயால் சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். இரண்டாம் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பாலக்காட்டில் டெல்லி போகும் கேரளா எக்ஸ்பிரஸ் பிடிக்கிறேன். உளிப்பை காலடியில் இருக்கும்.